ஐம்பது பாஸ்கலில் ஒரு வீடு: காற்றுக் கசிவுச் சோதனையின் எண்ணை எப்போது நம்பலாம்?

வீட்டின் வாசல் சட்டத்தில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்துகிறார்கள். அது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, வீட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியைவிட 50 பாஸ்கல் குறைந்ததும் விசிறியின் வேகத்தை அங்கேயே நிலைநிறுத்துகிறார்கள். அந்த நிலையில் விசிறி வெளியேற்றும் காற்றும், சுவர், கூரை, ஜன்னல் இடுக்குகள் வழியே வீட்டுக்குள் நுழையும் காற்றும் சமம். விசிறி வழியே போகும் காற்றை அளந்துவிட்டால் வீட்டின் மொத்தக் கசிவையும் அளந்ததாகிவிடும். இந்தக் கருவிக்குப் பெயர் புளோயர் டோர்.

கொள்கை இவ்வளவு எளியது. ஆனால் அது தரும் எண்ணின் மீது இன்று நிறைய விஷயங்கள் நிற்கின்றன. பல நாடுகளில் புதிய வீட்டுக்கான ஒப்புதல், பழைய வீட்டைச் சீர்செய்ய அரசு தரும் மானியம், மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடுகளுக்கான பேஸிவ் ஹவுஸ் சான்றிதழ் ஆகியவை அந்த எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. அதனால் அந்த எண்ணை எந்த நிலையில் நம்பலாம், சந்தேகம் வந்தால் முதலில் எங்கே தேடவேண்டும் என்பவை வெறும் தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல. இதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: பிழை பெரும்பாலும் விசிறியில் இருப்பதில்லை. டியூப் இணைப்பிலும், அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரில் செய்த தேர்விலும், சோதனையின்போது வீடு இருந்த நிலையிலும்தான் இருக்கிறது. அதைவிட முக்கியம், இவற்றுள் பல பிழைகள் சோதனையின் வரைபடத்தில் தெரியவே தெரியாது.

எரிபொருள் நெருக்கடியில் பிறந்த சோதனை

எரிபொருள் நெருக்கடி வீடுகளின் வெப்ப இழப்பைக் கவனிக்கவைத்த காலம் அது. 1977 வாக்கில் ஸ்வீடனில் இந்தச் சோதனைக்கான விசிறியை ஜன்னலில் பொருத்தினார்கள். அங்கிருந்து வந்த ஆய்வாளர் ஆகே புளோம்ஸ்டெர்பெர்க் 1979-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார். விசிறி கதவுக்கு மாறியது. அப்போது பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் ஒரு புதிரோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். கூரைக்கடியில் வெப்பக் காப்பு போட்ட பிறகும் கணக்கு சொன்னதைவிடப் பல மடங்கு வெப்பம் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. சுவர்களுக்கு இடையிலும் புகைபோக்கி, குழாய்களைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத காற்றுவழிகள் இருந்ததே காரணம். கௌதம் தத் உள்ளிட்டோர் செய்த இந்த வேலை, கசிவை அளப்பதோடு அதன் இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை உறுதிப்படுத்தியது.

அதே காலத்தில் கனடாவின் ரெஜைனா நகரில் 1977-இல் சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் எழுந்தது. ஹரால்ட் ஆர் முதலியோர் வடிவமைத்த அந்த வீட்டில், 50 பாஸ்கல் அழுத்தத்திலும் உள்காற்று மணிக்கு ஒரு முறைகூட முழுதாக மாறவில்லை. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதல் பேஸிவ் ஹவுஸ் கட்டப்பட்டது. அந்த இயக்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு, 50 பாஸ்கலில் மணிக்கு 0.6 முறை காற்று மாற்றம். கனடாவின் ஆர்-2000 திட்டத்தில் அது 1.5. அமெரிக்காவின் 2012-ஆம் ஆண்டு எரிசக்தி விதித்தொகுப்பு வெப்பமான பகுதிகளுக்கு 5 என்றும் மற்ற பகுதிகளுக்கு 3 என்றும் வரையறுத்தது.

டொரண்டோ பக்கத்துத் தமிழர்களில் பலர் இந்தச் சோதனையை நேரிலேயே பார்த்திருப்பார்கள். 2021-இல் தொடங்கிய கனடாவின் கிரீனர் ஹோம்ஸ் மானியத்துக்கு, வீட்டைச் சீர்செய்வதற்கு முன்பும் பின்பும் எனர்கைடு என்ற எரிசக்தித் திறன் மதிப்பீடு தேவைப்பட்டது. சிவப்பு அல்லது கறுப்புத் துணி இழுத்துக் கட்டிய வாசலும் விசிறி இரைச்சலும் அந்த மதிப்பீட்டோடு வந்தவை.

ஒரு சூத்திரமும் அதன் அடுக்கும்

சோதனையின் கணக்கு ஒரே சூத்திரத்தில் அடங்கும். கசியும் காற்று, கசிவு மாறிலியை அழுத்த வேறுபாட்டின் ஓர் அடுக்கால் பெருக்கக் கிடைக்கிறது. அந்த அடுக்கு எண் 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். பெரிய, கூர்விளிம்புள்ள ஓட்டைகள் என்றால் 0.5-ஐ நெருங்கும், மெல்லிய, நீண்ட இடுக்குகள் என்றால் 1-ஐ நெருங்கும். சாதாரண வீடுகளில் 0.65-ஐ ஒட்டி வரும்.

50 பாஸ்கல் என்பது சுமார் 5 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரில் நேராக மோதினால் ஏறக்குறைய அவ்வளவுதான் அழுத்தும். வீட்டுக்குச் சேதம் வராத அளவுக்குச் சிறியது, காற்றின் அலைக்கழிப்பு அளவீட்டைக் கெடுக்காத அளவுக்குப் பெரியது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். ஒரே அழுத்தத்தில் அளந்து முடிப்பதும் உண்டு. பல அழுத்தங்களில் அளந்து கோடு வரைவதும் உண்டு. கனடாவின் தரமுறை 50-இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் குறைத்து 15 பாஸ்கல் வரை எட்டு புள்ளிகள் கேட்கிறது. உலகத் தரமான ஐஎஸ்ஓ 9972 குறைந்தது ஐந்து புள்ளிகள் கேட்கிறது.

பல புள்ளிகள் எடுப்பதில் ஒரு தற்காப்பு இருக்கிறது. அடுக்கு எண் 0.5-க்குக் கீழேயோ 1-க்கு மேலேயோ வந்தால் சோதனை செல்லாது. அசையாத ஓட்டைகள் உள்ள வீட்டில் அப்படி வர இயற்பியல் இடம்கொடுக்காது. சோதனையின் நடுவே ஏதோ மாறியிருக்கிறது: தாழிடாத ஜன்னல் திறந்திருக்கும், கூரைக் கதவு தூக்கியிருக்கும், காற்று வீச்சு கூடியிருக்கும். புள்ளிகள் கோட்டில் ஒழுங்காக உட்காராவிட்டாலும் அதே எச்சரிக்கைதான். ஐஎஸ்ஓ தரம் ஒட்டுறவுக் கெழுவின் வர்க்கம் 0.98-க்குக் குறையக் கூடாது என்கிறது.

வரைபடம் காட்டாத பிழைகள்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கோடு நேராக இருக்கிறது, அடுக்கு எண் 0.65, எல்லாம் அழகாக இருக்கிறது. அப்போதும் எண் மூன்று மடங்கு தவறாக இருக்கலாம்.

விசிறியின் வாயில் பொருத்தும் வளையங்களை எடுத்துக்கொள்வோம். இறுக்கமான வீட்டில் காற்றோட்டம் குறைவு என்பதால், விசிறி உணரி துல்லியமாக அளக்கும் வகையில் வாயைச் சுருக்க இவை தேவை. மினியாபொலிஸ் புளோயர் டோரில் இவற்றை ஏ, பி, சி என்பார்கள். எந்த வளையம் மாட்டியிருக்கிறது என்பதை மானோமீட்டரிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். கருவி தானாக அறியாது. வளையம் ஏ மாட்டிவிட்டு, மானோமீட்டரைத் ‘திறந்த விசிறி’ என்ற தேர்விலேயே விட்டுவிட்டால் கசிவு உண்மையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் காட்டும். விசிறி வழிக் காற்று, விசிறி உணரி காட்டும் அழுத்தத்தின் (விசிறி அழுத்தம்) வர்க்கமூலத்தைப் பொறுத்தது; வளையம் மாறும்போது பெருக்கும் மாறிலி மட்டுமே மாறுகிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் தவறுவதால் கோடு அப்படியே நேராக நிற்கும், அடுக்கு எண்ணும் மாறாது. இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கப் புள்ளியியலால் முடியாது. விசிறியின் வாயைக் கண்ணால் பார்த்துத் தேர்வோடு ஒப்பிடுவது ஒன்றே வழி. சோதனை தொடங்குமுன் வளையம் மாட்டிய விசிறியையும் மானோமீட்டர் திரையையும் ஒரே புகைப்படத்தில் எடுத்துவைப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது, டியூப் இணைப்பு. மானோமீட்டரில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று வீட்டின் அழுத்தத்தையும் மற்றது விசிறியின் அழுத்தத்தையும் அளக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளீட்டு வாயும் ஓர் ஒப்பீட்டு வாயும் இருக்கின்றன. வீட்டிலிருந்து காற்றை இழுக்கும் சோதனையில் விசிறி வீட்டுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சுகிறது. மானோமீட்டரும் உள்ளேயே இருப்பதால் விசிறித் தடத்தின் ஒப்பீட்டு வாயைச் சும்மா திறந்துவைத்தால் போதும். விசிறியைத் திருப்பி வீட்டுக்குள் காற்றை ஊதும் சோதனைக்குப் போகும்போது நிலைமை மாறுகிறது. இப்போது விசிறி வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. ஒப்பீட்டு வாயிலிருந்து ஒரு டியூப் வெளியே, விசிறியின் அருகே போயாக வேண்டும். இதை மறந்தால் விசிறி அழுத்தத்தோடு வீட்டின் 50 பாஸ்கலும் சேர்ந்து வாசிக்கப்படும். உண்மை விசிறி அழுத்தம் 150 என்றால் திரையில் 200 வரும். காற்றோட்டம் 15 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். உண்மை அழுத்தம் 50 என்றால் 100 வரும். பிழை 41 விழுக்காடு. ஊதும் சோதனையும் இழுக்கும் சோதனையும் வெகுவாக முரண்பட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த டியூப்தான்.

மூன்றாவது, டியூபின் உடல்நலம். கதவுச் சட்டத்துக்கு அடியில் நசுங்கியிருக்கலாம். மழையில் கிடந்து உள்ளே ஒரு சொட்டு நீர் நின்றிருக்கலாம். முனையில் முடி அளவு விரிசல் இருக்கலாம். நசுங்கினாலும் நீர் அடைத்தாலும் மானோமீட்டர் மந்தமாக நகரும். விசிறியின் வேகத்தை மாற்றினாலும் எண் தயங்கித் தயங்கி வரும். இதற்கான சோதனை எளிது. டியூபின் ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையை மானோமீட்டரில் மாட்டி, டியூபை இலேசாக அழுத்த வேண்டும். ஏறிய அழுத்தம் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் அந்த டியூப் கசிகிறது. மானோமீட்டரையே சந்தேகித்தால், இரு தடங்களையும் ஒரு டீ இணைப்பால் ஒரே டியூபில் சேர்த்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் எடுக்கும் இந்த இரண்டும் வேலைநாள் தொடங்கும்போது செய்யவேண்டியவை.

நான்காவது, வெளியே விட்ட டியூபின் முனை. விசிறி தள்ளும் காற்றின் பாதையில் அது கிடந்தால் அழுத்தம் தவறாகப் பதியும். விசிறியிலிருந்து பக்கவாட்டில் தள்ளி, காற்று நேரே மோதாத இடத்தில் போட வேண்டும். காற்றடிக்கும் நாளில் வீட்டின் பல பக்கங்களுக்கும் டியூப் இழுத்து ஒன்றாக இணைத்தால் அலைச்சல் குறையும்.

விசிறியே சுழலவில்லை என்றாலோ முழு வேகத்தை எட்டவில்லை என்றாலோ அது எளிய கோளாறு. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பு, நீண்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் இறங்கிப்போகும் மின்னழுத்தம், விழுந்துபோன பிரேக்கர் என்று வரிசையாகப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அது தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் கோளாறு. பயப்பட வேண்டியது அறிவிக்காத கோளாறுகளுக்குத்தான்.

வீடு எந்த நிலையில் இருந்தது?

கருவி சரியாக இருந்தாலும் வீடு தயாராக இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. உள்கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்; வெளிக்கதவுகளும் ஜன்னல்களும் தாழிட்டிருக்க வேண்டும். புகைபோக்கித் தடுப்பு மூடியிருக்க வேண்டும். நாளாகப் பயன்படாத குளியலறையின் வடிகால் வளைவில் நிற்கும் நீர் வறண்டிருந்தால் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வரும். அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். சமையலறைப் புகைவிசிறி, துணி உலர்த்தி, ஏசி, சூடாக்கி எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து காற்றை இழுக்கும்போது, காஸில் எரியும் வாட்டர் ஹீட்டரின் புகை வெளியேறாமல் வீட்டுக்குள் திரும்பும். விறகடுப்பின் சாம்பல் அறை முழுக்கப் பறக்கும். அதனால் எரிபொருளில் இயங்கும் கருவிகள் அனைத்தையும் முன்பே அணைத்து, சோதனை முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கூரைக்கடியில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காப்புப் பொருள் இருக்கக்கூடிய பழைய வீடுகளில் காற்றை இழுக்கும் சோதனையைத் தவிர்ப்பதே சரி.

எதை மூடலாம், எதை ஒட்டலாம் என்பது சோதனையின் நோக்கத்தைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 9972 இதை மூன்று முறைகளாகப் பிரிக்கிறது: பயன்பாட்டில் இருக்கும் நிலையிலேயே கட்டடம், காற்றோட்டத் துளைகளை ஒட்டிவிட்டுக் கட்டடத்தின் மேலுறை மட்டும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானது. எந்த முறை என்று எழுதாத அறிக்கை, எதை அளந்தோம் என்றே சொல்லாத அறிக்கை.

இழுக்கும் சோதனையும் ஊதும் சோதனையும் ஒரே எண்ணைத் தராததற்கும் காரணம் உண்டு. புகைவிசிறி, உலர்த்தி ஆகியவற்றின் வெளிவாயில் இருக்கும் மடல்கள் இழுக்கும்போது மூடிக்கொள்கின்றன, ஊதும்போது திறந்துகொள்கின்றன. சிறு வேறுபாடு இயல்பு. பெரிய வேறுபாடு விசாரணைக்குரியது.

காற்றும் குளிரும் செய்யும் வேலை

விசிறி ஓடாதபோதும் வீட்டுக்கும் வெளிக்கும் அழுத்த வேறுபாடு இருக்கும். குளிர்நாட்டில் சூடான உள்காற்று மேலேறுவதால், ஒரு மீட்டர் உயரத்துக்கும் ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கும் சுமார் 0.04 பாஸ்கல் வீதம் இது கூடும். உள்ளே 21 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி, வீட்டின் உயரம் 6 மீட்டர் என்றால் தரைக்கும் கூரைக்கும் இடையே ஏறத்தாழ 8 பாஸ்கல் வேறுபாடு. இந்த அடிப்படை அழுத்தத்தை, விசிறியின் வாயை மூடிவைத்து, சோதனைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 30 நொடி அளந்து கழிக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு அளந்தால் வாசலில் பெரிய ஓட்டையுள்ள வேறொரு வீட்டை அளந்ததாகும்.

கழிக்காமல் விட்ட 5 பாஸ்கல், 50-இல் வெறும் 6 அல்லது 7 விழுக்காட்டுப் பிழை. அதே 5 பாஸ்கல், 10-இல் 30 விழுக்காட்டுப் பிழை. குறைந்த அழுத்தப் புள்ளிகள் எளிதில் கெடுவதன் காரணம் இதுதான். அடிப்படை அழுத்தம் 5 பாஸ்கலைத் தாண்டினால் ஐஎஸ்ஓ முறைப்படி அந்தச் சோதனை செல்லாது. காற்று பலமாக வீசும் நாளில் எத்தனை முறை அளந்தாலும் பயனில்லை. வேறொரு நாளில் வருவதுதான் நேர்மை.

ஐம்பதை எட்டாத வீடுகள்

சில பழைய வீடுகளில் விசிறி முழு வேகத்தில் ஓடியும் அழுத்தம் 50-ஐத் தொடாது. ஜன்னல், மாடிக் கதவு, நிலவறைக் கதவு ஒன்று திறந்திருக்கிறதா என்று முதலில் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். வளையத்தையும் கழற்ற வேண்டும். அதற்கும் எட்டாவிட்டால் எட்டிய அழுத்தத்திலிருந்து கணக்கிடலாம். அடுக்கு 0.65 என்று கொண்டால், 40 பாஸ்கலில் அளந்ததை 1.16-ஆலும், 25-இல் அளந்ததை 1.57-ஆலும், 10-இல் அளந்ததை 2.85-ஆலும் பெருக்க வேண்டும். பெருக்கும் எண் கூடக் கூட, அடுக்கைப் பற்றிய ஊகமும் அடிப்படை அழுத்தப் பிழையும் சேர்ந்து பெருகும். பெரிய கட்டடங்களில் பல விசிறிகளை ஒன்றாக ஓட்டுவதே முறை. இதற்கு நேர்மாறான சிக்கல் மிக இறுக்கமான வீட்டில் வரும். விசிறி அழுத்தம் மிகக் குறைந்து, கருவி நம்பத்தக்க எல்லைக்குக் கீழே போய்விடும். அப்போது அடுத்த சிறிய வளையத்துக்கு மாற வேண்டும்.

ஒரே கசிவு, வேறு வேறு எண்

மணிக்கு 900 கன மீட்டர் கசியும் வீட்டின் உள்கொள்ளளவு 300 கன மீட்டர் என்றால் காற்று மாற்றம் 3.0. நிலவறையின் 100 கன மீட்டரையும் சேர்த்து எழுதினால் அதே கசிவு 2.25 ஆகிவிடும். விசிறியைத் தொடாமலேயே தோற்ற வீடு இப்படித் தேறிவிடலாம். நிலவறையைக் கணக்கில் சேர்த்தால் அதன் கதவும் சோதனையின்போது திறந்திருக்க வேண்டும். பிரிட்டன் கொள்ளளவை விட்டு மேலுறைப் பரப்பால் வகுக்கிறது. அதனால் அந்நாட்டு எண்ணையும் அமெரிக்க எண்ணையும் நேராக ஒப்பிட முடியாது. அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக்குப் போகும் கசிவும் சேர்ந்தே அளக்கப்படும். அதைப் பிரிக்கப் பக்கத்து வீட்டிலும் விசிறி வைத்து அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும்.

இந்த எண் சொல்லாதவை

50 பாஸ்கல் வீட்டின் அன்றாட நிலை அல்ல. அந்த எண்ணை 20-ஆல் வகுத்தால் ஆண்டுச் சராசரிக் காற்று மாற்றம் கிடைக்கும் என்ற பழைய விதி பிரின்ஸ்டனில் பிறந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மன் உயரம், காற்றுமறைப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றைச் சேர்த்து அதைச் செம்மைப்படுத்தினார். அது ஒரு தோராயமே. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் முறை 4 பாஸ்கலிலேயே அளக்கிறது. பிரிட்டனின் விதிகள் அதையும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அன்றாட அழுத்தத்துக்கு நெருக்கமானது என்பது அதன் பலம். ஆனால் அது கசிவின் இடத்தைக் காட்டாது. ஓடிக்கொண்டிருக்கும் விசிறியோடு புகைக்குச்சியும் வெப்பக் கேமராவும் சேர்ந்தால்தான் மின்பெட்டியின் பின்னாலும் கூரைவிளக்கைச் சுற்றியும் வரும் காற்றைப் பிடிக்க முடியும். வீட்டுக்காரருக்கு உண்மையில் பயன்படுவது அந்தத் தேடல்தான்.

ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த எண்ணால் பயன் குறைவு. ஆனால் இதே விசிறி நம் ஊரில் வேறு வேலை செய்கிறது. வாயுவைப் பீய்ச்சித் தீயணைக்கும் அமைப்புள்ள சர்வர் அறைகளில், அந்த வாயு கசிந்து போய்விடாமல் வழக்கமாகப் பத்து நிமிடம் தங்க வேண்டும். தங்குமா என்று கதவில் விசிறி பொருத்திக் கணக்கிடுகிறார்கள். அங்கே எண் தவறினால் தீ அணையாமல் போகலாம்.

முடிவாக

கருவியின் துல்லியத்தைப் பற்றிய விவாதம் தேவைக்கு மேல் நடக்கிறது. சோதனை நடந்த நிலையைப் பற்றிய பதிவு தேவைக்குக் குறைவாக இருக்கிறது. நல்ல விசிறியின் காற்றோட்டப் பிழை சில விழுக்காடுதான். தவறான வளையத் தேர்வு அதைப் பல மடங்காக்கிவிடும். சேர்க்கக்கூடாத நிலவறை காற்று மாற்ற எண்ணைக் கால்பங்கு குறைத்துவிடும். எனவே உங்கள் வீட்டின் சோதனை அறிக்கை கைக்கு வந்தால் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணோடு நிற்காதீர்கள். எந்த வளையம், அடிப்படை அழுத்தம் எவ்வளவு, அடுக்கு எண் என்ன, எவையெல்லாம் ஒட்டப்பட்டன, கொள்ளளவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற ஐந்தையும் கேளுங்கள். ஐந்துக்கும் பதில் உள்ள அறிக்கையை நம்பிப் பணம் செலவிடலாம். பதில் இல்லையென்றால், மறுபடி அளக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.